புதுப்பிப்பு: கர்னல் நினைவக ஒதுக்கீடு பற்றி நான் எழுதியதில் ஒரு திருத்தம்

மண்டபம் ஊரில் அண்ணனின் ஐஸ் கம்பெனிக் கணக்குகளை வைத்திருக்கும் லினக்ஸ் கணினியைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். லினக்ஸின் மைய நிரலான கர்னல் நினைவகத்தில் ஏற்றப்படும் முகவரியை ஒவ்வொரு துவக்கத்திலும் மாற்றும் கேஏஎஸ்எல்ஆர் என்ற வசதி இருந்தால், தாக்குதல்களைத் தடுக்க அதுவே போதும் என்றேன். அது தவறு. கர்னலின் ஒரு முகவரி கசிந்தாலே மற்றவற்றைக் கணக்கிட்டுவிடலாம். தேவைப்படும்போது கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் விடுவிக்கும் ஹீப் நினைவகத்தின் சிக்கலோ முற்றிலும் வேறு.

படகுத்துறையில் ஒரு வல்லம் கிளம்பிப் போகிறது. அதே அளவுள்ள இன்னொன்று அந்த இடத்தில் வந்து நிற்கிறது. இருட்டில் வருபவர் பழைய இடத்தை நம்பி அதில் ஏறிவிடுகிறார். விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடும் பிழை இதுதான். அந்த இடத்தில் தன் தரவை நிறுத்தி வைப்பதே தாக்குபவரின் வேலை.

இதைக் கடினமாக்க, காலி நினைவக இடங்களைத் தரும் வரிசையைக் கலைக்கும் வசதி கர்னலில் 2016-லேயே வந்துவிட்டது. 2023-இல் வெளியான கர்னலின் 6.6 பதிப்பு இன்னும் ஆழமாகப் போகிறது: ஒரே அளவுள்ள நினைவகத் துண்டுகளுக்கு 16 தனித் தொகுப்புகள். நினைவகம் கேட்கும் நிரலிடத்தின் முகவரியும், துவக்கத்தில் உருவாகும் ரகசிய எண்ணும் சேர்ந்து தொகுப்பைத் தீர்மானிக்கின்றன.

நினைவகம் கேட்கும் ஒவ்வொரு முறையும் தொகுப்பைப் புதிதாகக் குலுக்கித் தேர்ந்தெடுத்தால் என்ன என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். மிக நல்ல கேள்வி. அப்படிச் செய்தால், தாக்குபவர் சளைக்காமல் கோரிக்கைகளைக் கொட்டி, என்றாவது சரியான தொகுப்பைத் தொட்டுவிடுவார். அதனால்தான் நிரலின் ஓரிடத்திலிருந்து வரும் கோரிக்கைகள் மறுதுவக்கம் வரை ஒரே தொகுப்புக்கே போகின்றன.

ஞாயிறன்று இந்த 16 தொகுப்பு வசதியை இயக்கி, மூல நிரலிலிருந்து கர்னலைப் புதிதாக உருவாக்கினேன். நினைவகச் செலவு சற்றுக் கூடியிருக்கிறது. அண்ணனின் கணக்குகளுக்காக அதை மனமார ஏற்கிறேன்.