செஸ்ட்நட்டைக் காப்பாற்றியது மரபியலாம்!

பூஞ்சைக்காரன்:
பக்கத்து இழையில் மரபணுமணி எழுதியது: "அமெரிக்க செஸ்ட்நட் மரத்துக்கு உயிர் கொடுத்தது மரபியல். நோயியல்காரர்கள் செத்த மரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள்." அடேயப்பா! 1904-ல் நியூயார்க்கில் தலைகாட்டின நோய்க்குக் காரணம் பூஞ்சைன்னு கண்டுபிடிச்சது யாரு? அது ஆக்சாலிக் அமிலத்தைக் கக்கிப் பட்டையைச் சாகடிக்குதுன்னு தெரியாம இருந்தா, கோதுமை மரபணுவை எதுக்குய்யா எடுத்திருப்பீங்க? அந்த மரபணு ஏத்தின செஸ்ட்நட் ரகம் டார்லிங் 58-ன்னு நினைச்சு, இன்னொரு ரகமான டார்லிங் 54-ஐ வளர்த்தது மட்டும் உங்க கணக்கு.

மரபணுமணி:
லேபிள் மாறினது மரபியலோட தப்பா? அந்த மரபணு பூஞ்சையைக் கொல்லாது, அமிலத்தைத்தான் உடைக்கும். அந்த அழகான யோசனைக்குப் பதில் சொல்லுங்க.

பூஞ்சைக்காரன்:
யோசனை டார்லிங் மரங்களை உருவாக்கின குழுவோட வில்லியம் பவலோடது. அவர் முனைவர் பட்டமே இந்தப் பூஞ்சையை நோஞ்சானாக்கும் வைரஸ் பத்தித்தான். எங்க ஆளு தம்பி! 2016-ல் மகரந்தம் மாறியிருக்கு, 2023 வரைக்கும் யாருக்கும் தெரியலை. இந்த மரத்தை மீட்கப் பாடுபடுற செஸ்ட்நட் அறக்கட்டளையே ஆதரவை நிறுத்திக் கையை உதறிடுச்சு. 54-ஆ, 58-ஆ?

மரபணுமணி:
தம்பின்னு கூப்பிடாதீங்க. பவல் மரபணுவைத் தொட்ட பிறகுதான் பேர் வாங்கினார்.

காட்டுப்பூனை:
பர்னம் கதையை ரெண்டு பேரும் விட்டுட்டீங்களே. சோள மரபியலாளர். நோயெதிர்ப்புக்கு ரெண்டு மூணு மரபணுதான்னு நம்பி, சீன செஸ்ட்நட்டோட கலந்து, பிறந்ததைத் திரும்பத் திரும்ப அமெரிக்க மரத்தோடவே கலக்கிற பின்கலப்பு பண்ணச் சொன்னார். கடைசியில் பார்த்தா மரபணு ஏகப்பட்டது.

பூஞ்சைக்காரன்:
அப்படிப் போடுங்க! தண்டில் துளை போட்டு, பூஞ்சை வளர்ந்த அகார் துண்டை வெச்சு, புண் எவ்வளவு நீளம் போகுதுன்னு ஸ்கேல் வெச்சு அளக்கிறது யாரு? நாங்க அளக்காம எது தாங்குது எது தாங்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? 54-ஆ, 58-ஆ, அதுக்கு இன்னும் பதில் வரலை.

சவுக்குத்தோப்பு:
அண்ணன்மாரே, எங்க சவுக்கில் பட்டை கொப்புளிச்சு, வெடிச்சா உள்ளே கரித்தூள் மாதிரி கொட்டுது. மரம் மேலிருந்து காயுது. என்ன பண்ணலாம்?

மரபணுமணி:
கொப்புள நோய். நாட்டுச் சவுக்கை விட்டு ஜங்கூனியானாங்கிற சவுக்கு இனத்தைப் போடுங்க, அதுக்கு எதிர்ப்பு உண்டு. பாருங்க, இங்கேயும் மரபியல்தான்!

பூஞ்சைக்காரன்:
எதிர்ப்பு உண்டுன்னு சோதிச்சுப் பார்த்தது யாராம்? சவுக்கு அண்ணே, காய்ஞ்ச மரத்தை வெட்டித் தோப்புக்கு வெளியே கொண்டுபோய் எரிங்க, மீதிக்குத் தனி இழை போடுங்க. இங்கே 54 பேசிட்டிருக்கோம்.

மரபணுமணி:
வேம்பு கருகினப்போ பூஞ்சைதான், தேயிலைக் கொசுங்கிற சாறு உறிஞ்சும் பூச்சிக்குச் சம்பந்தமே இல்லைன்னு இங்கே குதிச்சவர்தானே நீங்க?

பூஞ்சைக்காரன்:
சம்பந்தமே இல்லைன்னு எங்கே சொன்னேன்? இணைப்பைப் போடுங்க.

மரபணுமணி:
அழிச்சுட்டீங்களே.

பூஞ்சைக்காரன்:
நான் அழிக்கலை, மட்டுறுத்துநர் அழிச்சார். அதுவும் நீங்க புகார் கொடுத்ததால்.