பத்திராதிபர் அயோத்திதாசர்: ‘தமிழன்’ இதழைக் கையாண்டவர்கள் பகிர்வது

இழையைத் தொடங்கியவர்

மே மாதம் வந்தால் அயோத்திதாசப் பண்டிதர் பேச்சு இரண்டு முறை வரும். 5-ஆம் தேதி நினைவு நாள், 20-ஆம் தேதி பிறந்த நாள். மாலை போட்ட படத்தோடு நாலு வரி சுற்றும்: 1845-இல் பிறந்தார், இயற்பெயர் காத்தவராயன், தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டார், சித்த வைத்தியர், 1898-இல் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட்டோடு இலங்கை போய் பஞ்சசீலம் ஏற்று பௌத்தரானார், 1914-இல் மறைந்தார். இதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் 1907 ஜூன் 19 தொடங்கி கடைசிவரை புதன்கிழமைதோறும் ராயப்பேட்டையிலிருந்து ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்தவரின் உழைப்பு அந்த நாலு வரிக்குள் அடங்காது. அவர் ஏழாண்டு செய்த வேலை என்னவென்று தெரிய அந்த இதழைத்தான் பார்க்க வேண்டும். அதைக் கையாண்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சொந்தக் கதை வேண்டாம். இதழில் என்ன இருக்கிறது, எப்படிப் படிப்பது, எங்கே தடுக்கும் என்று எழுதுங்கள்.

விலையை நான் சொல்லிவிடுகிறேன்: இதழ் ஒரு பைசா. அன்று ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா. ஆக ஒரு பைசா என்பது காலணா, ரூபாயில் 64-இல் ஒரு பங்கு. ஆண்டு முழுக்க 52 இதழையும் ஒவ்வொன்றாக வாங்கினாலும் 13 அணாதான் ஆகும். தொடக்கத்தில் நாலு பக்கம். பெயரே ‘ஒரு பைசாத் தமிழன்’. வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் 1908 ஆகஸ்ட் 26 இதழ் முதல் ‘தமிழன்’ ஆனது. தத்துவம் படித்தவர்கள், இயற்கை நூல் அறிந்தவர்கள், கணிதர்கள், புலவர்கள் எனச் சிலர் கூடி நடத்துவதாக முதல் இதழே சொல்கிறது. ஆனால் பாரம் முழுக்க ஒருவர் தோளில்தான் இருந்தது.

அச்சுக்கூட வேலை தெரிந்தவர்

நாலு பக்கம்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம். கையால் எழுத்துக் கோக்கிற காலத்தில் நாலு பக்க வார இதழ் என்றால் வாரம் முழுக்க வேலை.

ஒரே தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம் கிடைக்கும். தாளின் ஒரு முகத்தில் 4-ஆம் பக்கமும் 1-ஆம் பக்கமும் அருகருகே, மறு முகத்தில் 2-உம் 3-உம். இரண்டு ஃபாரம் (கோத்து இறுக்கிய எழுத்துப் பக்கங்கள்), இரண்டு ஓட்டம். கைஅச்சு மெஷினில் ஒருவர் மை தடவ, ஒருவர் இழுக்க, மணிக்கு 250 தாள் அளவில் ஒரு முகம் ஓடும். ஆயிரம் படி எடுக்க, இரண்டு முகத்துக்கும் சேர்த்து எட்டு மணி நேரம். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மெஷின் இருந்தால் மணிக்கு ஆயிரம்வரை போகும்.

தமிழில் உள்ள சிரமம் எழுத்து இருப்புதான். ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண், குறிகளோடு வேலை முடியும். தமிழில் கால், கொம்பு, ஐகாரக் கொம்பு தனித்தனி அச்சு. கி, கீ, கு, கூ போன்றவை ஒவ்வொரு மெய்க்கும் தனி வார்ப்பு. பழைய வடிவத்து ணா, றா, னா, ணை, லை, ளை, னை இவையும் தனி. அத்தனைக்கும் கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், அறை வேண்டும். சின்ன அச்சுக்கூடத்தில் முதலில் தீர்வது ‘து’, ‘ம்’, ‘க்’ மாதிரி அடிக்கடி வருகிறவை. தீர்ந்தால் அச்சுக்கோப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஓடி முடிந்த ஃபாரத்தைப் பிரித்து எழுத்துகளை அந்தந்த அறையில் போட்ட பிறகே அடுத்த பக்கம் கோக்க முடியும். அதனால் இந்த மாதிரி வார இதழ்களில் தொடர் கட்டுரை, பாட்டு, விளக்கம் போன்ற அவசரமில்லாத பக்கங்களை முன்னதாகவே ஓட்டிவிட்டு, செய்திப் பக்கத்தைக் கடைசிவரை திறந்து வைப்பார்கள்.

பிழை எப்படி வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி, அச்சின் ஓரத்தில் மெலிதாக இருக்கும். தேய்ந்தோ ஒடிந்தோ போனால் ‘பௌத்தம்’ என்பது ‘பௌததம’ என்று விழும். ரகரமும் காலும் பழைய அச்சில் ஏறக்குறைய ஒரே உருவம். அச்சுக்கோப்பு இடவலமாகத் திரும்பிய எழுத்தில் நடப்பதால் பக்கத்து அறை எழுத்து கலந்துவிடும். ன, ண இடம் மாறும். பண்டிதருக்கு எழுத்துப் பிழை இருந்தது என்று இதை வைத்து முடிவு கட்டுவது அநியாயம். கொம்போ புள்ளியோ விழுந்திருந்தால் அச்சுக்கூடத் தவறு. ஒரே சொல் எல்லா இதழிலும் ஒரே மாதிரி வந்தால்தான் அது அவருடைய வழக்கு.

நூலகங்களில் பழைய இதழ் தேடுபவர்

அச்சுக்கூடத் தோழர் சொன்னதைப் படிக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதழில் வந்த கட்டுரைகள் இன்று பெரும்பாலோர் கைக்குக் கிடைப்பது தொகுப்பாகத்தான். ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ முதல் இரண்டு தொகுதி 1999-இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வந்தன. அரசியல், சமூகம், சமயம், இலக்கியம் என்று பொருள்வாரியாகப் பிரித்தது பெரிய உபகாரம். ஆனால் அதில் ஒரு வாரத்து இதழ் கலைந்துபோகிறது. ஒரே புதன்கிழமையில் சர்க்கார் வரியைப் பற்றிய குறிப்பும், புத்தர் சரித்திரத் தொடரும், வாசகர் கேள்விக்குப் பதிலும் சேர்ந்து வந்திருக்கும். தொகுப்பில் அவை நூறு நூறு பக்கம் தள்ளி இருக்கும்.

அதை மீட்க வழி உண்டு. கட்டுரைகளின் அடியில் 1:46 என்பதுபோலக் குறிப்பு இருக்கும்: முதல் எண் ஆண்டுத் தொகுதி, அடுத்தது இதழ் எண். நாலு பத்தி உள்ள அட்டவணை போடுங்கள்: தொகுதி, இதழ் எண், தேதி, தலைப்பு. எல்லாக் கட்டுரையையும் ஏற்றித் தேதி வரிசையில் அடுக்கினால் வாராவாரம் அவர் மனம் எதில் இருந்தது என்று தெரிந்துவிடும்.

தேதி சரிதானா என்று பார்ப்பதும் சுலபம். முதல் இதழ் 1907 ஜூன் 19, புதன். 46-ஆம் இதழ் என்றால் 45 வாரம், அதாவது 315 நாள் கூட்டினால் 1908 ஏப்ரல் 29, அதுவும் புதன். மேற்கோள் தேதி புதன்கிழமையில் விழவில்லை என்றால் எங்கோ எண் தவறியிருக்கிறது. வலைத்தளங்களில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்தெழுதிய தேதிகளில் இந்தச் சோதனை நிறைய தவறுகளைக் காட்டிக்கொடுக்கும். முதல் ஆண்டுக்கு இந்தக் கணக்கு நேராகப் பொருந்தும். பிந்தைய ஆண்டுகளில் ஒரு வாரம் தவறினாலும் எண் நகரும் என்பதால் இதழின் தலைப்பில் அச்சான தேதியைத்தான் நம்ப வேண்டும்.

தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போகிறவர்கள் இதழ் பெயரை மட்டும் கேட்காதீர்கள். ‘தமிழன்’ என்ற பெயரில் வேறு காலத்து இதழ்களும் உண்டு, 1926-இல் ஜி. அப்பாதுரையார் கோலார் தங்கவயலிலிருந்து புதுப்பித்த ‘தமிழன்’ வேறு. ஊரும் ஆண்டும் சேர்த்துச் சொல்லுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலச் சுதேசப் பத்திரிகைகளைப் பற்றி சர்க்கார் வாராவாரம் தயாரித்த ஆங்கிலச் சுருக்க அறிக்கைகள் இருக்கின்றன. அதே வாரத்தில் மற்ற தமிழ்ப் பத்திரிகைகள் என்ன எழுதின, பண்டிதர் எதற்குப் பதில் சொல்கிறார் என்று பொருத்திப் பார்க்க அதைவிட நல்ல துணை இல்லை.

சங்க வரலாறு படிப்பவர்

பத்திரிகையைச் சங்கத்திலிருந்து பிரித்துப் பார்த்தால் பாதிதான் புரியும். ராயப்பேட்டையில் அவர் தொடங்கிய சாக்கைய பௌத்த சங்கத்துக்கு பெங்களூர், கோலார் தங்கவயல், செகந்திராபாத், ரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று கிளைகள் இருந்தன. டெலிபோன் கிடையாது. கிளைக்குச் சுற்றறிக்கை, கூட்ட அறிவிப்பு, நன்கொடைக் கணக்கு, சந்தேகத்துக்கு விளக்கம், கலியாணமும் சாவும் எந்த முறைப்படி செய்வது என்ற வழிகாட்டல், இத்தனைக்கும் அந்தத் தாள்தான். ஆப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன குடும்பமும், தங்கவயல் சுரங்கத்தில் இறங்கிய குடும்பமும் ஒரே பக்கத்தைப் படித்தார்கள். அவரைச் சமுதாயத் தலைவர் என்று சொல்வதற்கு ஆதாரம் தேடினால் மேடைப் பேச்சைவிட இந்தக் கேள்வி பதில் பகுதிகளைத்தான் காட்டுவேன்.

பத்திரிகைக்கு முன்பே நடந்த இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் பல கட்டுரைகள் திறக்கும். ஒன்று, 1891 டிசம்பர் 1-இல் நீலகிரியில் தாழ்த்தப்பட்ட மக்களின் திராவிட மகாஜன சபை கூடிப் பத்துத் தீர்மானம் போட்டது: கல்வி, உத்தியோகம், பொதுக் கிணறு குளம், சிறையில் சாதியை வைத்து இழிவேலை கொடுக்கும் விதியை நீக்குவது. இரண்டாவது, 1892-இல் விக்டோரியா ஹாலில் சென்னை மகாஜன சபையின் கூட்டம்; இது வேறு சபை. கோயில் நுழைவைப் பற்றி அவர் கேட்டபோது, உங்களுக்கு வேறு தெய்வங்கள் இருக்கின்றன, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்புவரை இலவசப் படிப்பும், கிராமங்களில் கிடக்கும் தரிசு நிலமும் கொடுங்கள் என்றார். இதை அவரே பின்னாளில் ‘தமிழன்’ இதழில் எழுதியிருக்கிறார். படிப்பும் நிலமும் என்ற அந்த இரண்டு கோரிக்கை ஏழாண்டு இதழிலும் மாறி மாறி வருவதை அட்டவணை போட்டால் பார்க்கலாம்.

1911 குடிமதிப்புக்கு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) முன் வந்த இதழ்களையும் கவனியுங்கள். கணக்கெடுப்பவர் வாசலுக்கு வரும்போது எந்தப் பெயரைப் பதியச் சொல்வது என்பதுதான் பேச்சு. ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்பதை அவர் வலியுறுத்தியது சும்மா கௌரவத்துக்காக இல்லை. படிவத்தில் ஏறும் பெயரை வைத்துத்தான் நாளைக்குப் பள்ளியும் உத்தியோகமும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

புதிதாகப் படிக்கிறவர்கள் இடறும் இடம் ஒன்று: ‘கருணை தங்கிய ராஜாங்கத்தார்’ என்று பிரிட்டிஷ் சர்க்காரை விளிப்பது. அதைப் பார்த்தவுடன் மூடிவைத்துவிடுகிறார்கள். சுதேசியம் பேசியவர்களிடம் அவர் கேட்டது, தண்ணீர் எடுக்க விடாதவர்கள் கையில் ஆட்சி வந்தால் எங்கள் கதி என்ன என்பது. 1910 அச்சுச் சட்டம் வந்த பிறகு புதிய அச்சுக்கூடத்திடம் 500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய்வரை ஜாமீன் தொகை கேட்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு பைசா இதழுக்கு 500 ரூபாய் என்றால் 32,000 படி விற்ற காசு.

சித்த மருத்துவம் படித்தவர்

சின்னதாக ஒன்று. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். வருகிறவர்களில் பலர் அவரை வைத்தியராக மட்டும் அறிந்திருக்கிறார்கள். வைத்தியத்தில் வந்த பழக்கம் எழுத்திலும் இருக்கிறது: ஒரு பெயர், ஒரு சடங்கு, ஒரு பண்டிகை எதுவானாலும் மூலம் எங்கே என்று ஓலையும் நிகண்டும் பார்த்துத்தான் பேசுவார். மணிமேகலை, வீரசோழியம், குறள் எல்லாம் வரும்.

நூலகங்களில் பழைய இதழ் தேடுபவர்

மருத்துவரம்மா சொன்னதோடு ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். அவர் காட்டும் பாடல்களில் சில இன்றைய அச்சுப் பதிப்புகளில் கிடைப்பதில்லை. அவரிடம் இருந்த ஏட்டில் இருந்திருக்கலாம், வேறு பாடமாக, அதாவது சொல் மாறிய வடிவமாக, இருக்கலாம். மேற்கோள் எடுக்கும்போது ‘அயோத்திதாசர் காட்டும் பாடம்’ என்று குறித்து, மூல நூலின் பெயரில் நேராகப் போடாமல் இருந்தால் அவருக்கும் நியாயம், படிப்பவருக்கும் நியாயம்.

ராயப்பேட்டையிலிருந்து

அவர் மறைந்த 1914 மே 5 செவ்வாய்க்கிழமை. மறுநாள் இதழ் நாள். மகன் பட்டாபிராமன் சிறிது காலம் தொடர்ந்து நடத்தினார். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் 2023-இல் மணிமண்டபம் திறந்திருக்கிறார்கள், பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

இங்கே சொல்ல வந்தது வேறு. வீட்டுப் பரணில், பழைய சங்கக் கட்டடத்தில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ‘தமிழன்’ தாளோ, தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை வெளியீடோ கிடைக்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது. கிடைத்தால் மடிப்பை வேகமாகப் பிரிக்காதீர்கள். அந்தக் காலத் தாளில் அமிலம் ஏறியிருக்கும், மடிப்பிலேயே ஒடியும். செலோடேப் ஒட்டக் கூடாது, பசை மஞ்சளாகி எழுத்தை விழுங்கிவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு எடுக்க முடியாது. பைண்டிங் கடையில் மயில்துத்தம் கலந்த பசை போடுவார்கள். பூச்சி வராது, ஆனால் செம்பு தாளை இன்னும் சீக்கிரம் பழுப்பாக்கும்.

முதலில் படம் எடுங்கள். ஜன்னல் பக்கம் நேர் வெயில் படாத வெளிச்சம், ஃபிளாஷ் இல்லாமல், போன் தாளுக்கு நேர் மேலே. பக்கம் முழுக்க ஒரு படம், பிறகு மேல் பாதி, கீழ் பாதி, நடுவில் இரண்டு விரல் அளவு ஒன்றன்மேல் ஒன்று வரும்படி. இதழின் தலைப்பும், கடைசிப் பக்க அடியில் அச்சிட்டவர் பெயரும் இடமும் தனியாக எடுங்கள். 1867 அச்சகப் பதிவுச் சட்டப்படி அன்று ஒவ்வொரு படியிலும் அது இருந்தாக வேண்டியிருந்தது, தேதி கிழிந்திருந்தால் அதை வைத்துத்தான் காலம் கணிப்பது. ஸ்கேனர் கிடைத்தால் 400 டிபிஐ, கோப்பின் பெயரில் ஆண்டு-மாதம்-நாள்-பக்கம். தாளை விரித்தபடியே அமிலமில்லாத அட்டைக்குள் வைத்து, ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன் தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். நூலகத்துக்குக் கொடுக்கும் முன் யார் வீட்டில், எந்த ஊரில் இருந்தது என்று ஒரு தனிக் காகிதத்தில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். தாளின்மேல் எழுத வேண்டாம்.