மாமியாருக்கு ஹோம் நர்ஸ் வைத்த செலவை வரியில் காட்ட முடியுமா?

சுமதி_கோவை:
மாமியாருக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, மாற்றுத்திறனாளி சான்றிதழில் 80% போட்டிருக்கிறார்கள். எனக்கு ஆண்டுச் சம்பளம் 16 லட்சம், கணவருக்கு 7. ஹோம் நர்ஸுக்கு மாதம் 22,000, அப்புறம் பிசியோதெரபி, டயப்பர் எல்லாம் என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. ஆபீஸில் கேட்டால் “நியூ ரெஜிம்ல ஒண்ணும் வராது மேடம்” என்று முடித்துவிட்டார்கள். 2025-26க்குக் கழிவுகள் கிடைக்கும் பழைய வரி முறைக்கு மாறினால் ஏதாவது கிடைக்குமா? இல்லை, கணவர் வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்வதே மேலா?

கணக்குப்புலி:
மாறாதீர்கள். நீங்கள் தேடுவது வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு, மாற்றுத்திறனாளி குடும்பத்தாரைப் பராமரிப்பவருக்கான கழிவு. ஊனம் 80%ஐத் தொட்டால் 1,25,000 கழிவு, எவ்வளவு செலவானாலும் அதே தொகைதான். ஆனால் பழைய முறையில் மட்டும், அதிலும் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்குத்தான். மாமியார் அந்தப் பட்டியலில் இல்லை. கேட்பதென்றால் உங்கள் கணவர்தான் கேட்கணும், அவருக்கோ 7 லட்சத்துக்குப் புதிய முறையில் வரியே கிடையாது, எதிலிருந்து கழிப்பது?

உங்களுக்கே கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் லாபமில்லை. புதிய முறையில் உங்கள் வரி செஸ்ஸோடு 1,13,100. பழைய முறையில் 80சி (சேமிப்புக்கான கழிவு) முழுசாகப் போட்டு இதையும் கழித்தால்கூட 2,02,800 வருகிறது. வாடகைப்படியோ வீட்டுக்கடன் வட்டியோ பெரிதாக இருந்தால் மட்டும் மறுபடி கணக்குப் போடுங்கள்.

மீனா:
மாமியாரைப் பார்க்க மருமகள் வேலையை விடணும் என்று ஊரே சொல்லும், வரிச்சட்டத்துக்கு மட்டும் அவர் இவளுக்கு யாரோ! 80டியில் மெடிக்கல் இன்ஷூரன்ஸுக்கும் இதே கதைதான். கணவன் மனைவி சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடும் வசதியாவது கொண்டுவரலாம்.

கணக்குப்புலி:
@மீனா ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டுக்கு அது நல்லது. இவர்கள் வீட்டில் எப்படி ஸ்லாப் (வரி அடுக்கு) வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இப்போதைய ஸ்லாபையே வைத்தால் அவருடைய 7 லட்சம் சுமதியின் சம்பளத்துக்கு மேல் ஏறி 25% வரை வரி கட்டும். இப்போது ஒரு பைசா வரியில்லாமல் வீட்டுக்கு வருகிறது. அதனால்தான் சொல்கிறேன் சுமதி, நர்ஸுக்கு ஆண்டுக்கு 2,64,000 போனாலும் அவர் வேலையை விடுவது நஷ்டம்தான்.

ராஜா_திருச்சி:
வரியை விடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தனிநபர் ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. முன்பு 18% இருந்தது, புதுப்பிக்கும்போது பில்லைப் பார்த்துக் கட்டுங்கள்.

சுமதி_கோவை:
நன்றி. அவர் வேலையை விடவில்லை. நாளைக்கே சுகாதார நிலையத்தில் கேட்கிறேன்.