நொய்யல் கிணற்றுத் தண்ணீரில் ஈயத்தின் பீக் குட்டையாகிறது, எலக்ட்ரோடு போய்விட்டதா?

சென்னிமலைப் பொண்ணு:
வணக்கமுங்க. நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே எங்க பெரியப்பா தோட்டத்துக் கிணறும் பக்கத்தில் இன்னும் நாலு கிணறும்தான் என் எம்.எஸ்சி. புராஜெக்ட். ஈயம், காட்மியம், துத்தநாகம் பார்க்கிறேன். ஸ்டிரிப்பிங் வோல்டாமெட்ரி முறை: உலோகத்தை எலக்ட்ரோடு மேல் படியவைத்து, திரும்ப உரிக்கும்போது வருகிற மின்னோட்டத்தின் பீக் உயரத்தை அளப்பது. பாதரச எலக்ட்ரோடு வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டதால் கிளாஸி கார்பன் (கண்ணாடி மாதிரியான கரி) எலக்ட்ரோடு மேல் பிஸ்மத் படலம். பி.எச். மாறாமல் இருக்க அசிடேட் பஃபர், பி.எச். 4.5. மைனஸ் 1.4 வோல்ட்டில் 2 நிமிடம் கலக்கிக்கொண்டே படியவைத்து, ஸ்கொயர் வேவ் (சதுர அலை) மின்னழுத்தத்தில் உரிக்கிறேன்.

வடிநீரில் (காய்ச்சி வடித்த தண்ணீர்) 10 பிபிபி, அதாவது லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், ஈயம் போட்டால் பீக் ஊசி மாதிரி நிற்கிறது. அதையே கிணற்றுத் தண்ணீரில் போட்டால் பாதி உயரம்கூட இல்லை, இடமும் கொஞ்சம் நகர்கிறது. துத்தநாகமோ வெறும் பஃபரிலேயே வருகிறது, ஒரு நாள் பெரிசாக, ஒரு நாள் சின்னதாக. மாதிரிகளை எடுத்த அன்றே நைட்ரிக் அமிலம் விட்டு வைத்துவிட்டேன்.

கோவை வாசி:
ஐசிபி-எம்எஸ் (உலோகங்களை மொத்தமாக அளக்கிற பெரிய கருவி) இருக்கிற இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். இதில் எதற்கு மல்லுக்கட்டு?

பழைய லேப்காரன்:
எலக்ட்ரோடு நல்லாத்தான் இருக்கிறது கண்ணு. வடிநீரில் ஊசியாக நிற்கிறதே.

முதலில் பி.எச். பார். அமிலம் விட்ட மாதிரித் தண்ணீர் 2-க்கும் கீழே கிடக்கும். கொஞ்சம் பஃபர் ஊற்றினதும் 4.5 ஆகிவிடும் என்று நினைப்போம், ஆகாது. கலந்ததில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துப் பார், செல்லுக்குள் மீட்டரை விடாதே. பீக் நகர்வதற்கு அதுவோ அந்தத் தண்ணீரின் உப்போ காரணமாக இருக்கும்.

குட்டையாவதற்கு இரண்டு நோய் உண்டு. சோப்பு மாதிரியான சரக்கு எலக்ட்ரோடு மேல் ஒட்டிக்கொள்வது ஒன்று. கஞ்சி போகாத துணியில் சாயம் ஏறுமா? அதே கதை. இதற்கு ஸ்டாண்டர்டு அடிஷன் போதும். மாதிரியிலேயே 5, 10, 15 பிபிபி என்று ஏற்றி, அங்கே கிடைக்கிற அளவு-பீக் உயரக் கோட்டை வைத்தே கணக்குப் போடு. வடிநீர்க் கோட்டை வைத்துப் போட்டால் பாதிதான் காட்டும். ஈயத்துக்குக் குடிநீர் வரம்பே 10 பிபிபி, காட்மியத்துக்கு 3. பாதியாகக் காட்டினால் கெட்ட கிணறும் நல்ல கிணறாகிவிடும்.

இன்னொன்று, மட்கிய இலைதழையிலிருந்து வருகிற சரக்கு உலோகத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்வது. அமிலம் விட்டதும் பெரும்பாலும் விட்டுவிடும், நீ 4.5-க்கு ஏற்றினதும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். இதை ஸ்டாண்டர்டு அடிஷனை மட்டும் நம்பிச் சரிக்கட்ட முடியாது. குவார்ட்ஸ் குழாயில் அமில மாதிரியோடு சில சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, புற ஊதா விளக்கில் ஒன்றிரண்டு மணி நேரம் வை, கட்டிப் பிடிக்கிற சரக்கு சிதைந்துவிடும். அமிலம் விடாத மாதிரி ஒன்றையும் குளிரில் வைத்து அடுத்த நாளே அளந்துவிடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கட்டுப்பட்டுக் கிடக்கிற பங்கு. ஐசிபி அதைப் பிரித்துச் சொல்லாது, கோவைத் தம்பி. அந்த உப்புத் தண்ணீரை நீர்க்காமல் விட்டால் அதுவும் முகம் சுளிக்கும்.

துத்தநாகத்துக்கு உன் கையுறையைச் சந்தேகப்படு. ரப்பரில் ஜிங்க் ஆக்சைடு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு வாரம் ஆற்றில் துத்தநாகம் என்று கிராஃப் போட்டேன், எல்லாம் என் கையிலிருந்து போனது. பாலித்தீன் உறை போடு. பாட்டில்களை 10 சதவீத நைட்ரிக்கில் ராத்திரி முழுக்க ஊறவை.

சென்னிமலைப் பொண்ணு:
ஐயா, பி.எச். 2.9 இருந்ததுங்க! சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு 4.5-க்குக் கொண்டுவந்ததும் பீக் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, ஆனால் உயரம் இன்னும் குறைவுதான். கையுறை மாற்றினேன், பஃபரில் துத்தநாகம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. விளக்குக்கு மேடத்திடம் கேட்டிருக்கிறேன். ஒரு சந்தேகம்: அமிலம் விட்ட பிறகுதான் 0.45 மைக்ரான் தாளில் வடிகட்டினேன். பரவாயில்லைங்களா?

பழைய லேப்காரன்:
பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். வண்டலில் ஒட்டியிருந்ததெல்லாம் அமிலம் பட்டதும் தண்ணீருக்கு வந்திருக்கும். வடிகட்டி, அப்புறம்தான் அமிலம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் மறுபடி எடுத்துவிடு. மோட்டார் போட்டு ஜி.ஐ. பைப்பில் பிடிக்காதே, அதன் பூச்சே துத்தநாகம்தான். பிளாஸ்டிக் வாளியில் கயிறு கட்டிச் சேந்து.