விலகியவர்கள் மீண்டும் பட்டியலில் ஏறிய நாள்

மடல்மேசை:

பயிற்சி வகுப்புகள் நடத்தும் ஒரு சிறு நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக மின்னஞ்சல் அனுப்பும் பொறுப்பு என்னுடையது. சந்தாதாரர் பட்டியலைப் பராமரிப்பவர்கள் இங்கே பலர் இருப்பதால் இதை எழுதுகிறேன். உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மடல் அனுப்பும் சேவையை மாற்றினோம். பழைய சேவையிலிருந்து மொத்தப் பட்டியலையும் எக்செல் கோப்பாக இறக்கினேன். அதில் பெயர், முகவரி, சேர்ந்த தேதி, நிலை என்று நான்கு நெடுவரிசைகள். புதிய சேவை பெயரையும் முகவரியையும் மட்டும் கேட்டதால் மற்ற இரண்டையும் அழித்துவிட்டு ஏற்றினேன். ‘நிலை’ என்ற அந்த நெடுவரிசையில்தான் யார் யார் விலகினார்கள் என்பது இருந்தது.

மறுநாள் காலை மடல் போனது. மாலையில் ஒரு பெண்மணி பதில் எழுதியிருந்தார். தன் கணவர் இறந்து ஒன்பது மாதம் ஆகிறது, அவருக்கு வரும் மடல்களை நிறுத்தச் சொல்லி விலகல் இணைப்பைத் தானே அழுத்தியதாகவும், இன்று மறுபடியும் அவர் பெயரைச் சொல்லி வணக்கம் போட்டு மடல் வந்திருப்பதாகவும் நான்கே வரிகள். கோபமாக ஒரு சொல்கூட இல்லை. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பழைய கணக்கு மூடப்படாமல் இருந்ததால் விலகியோர் பட்டியலை முழுமையாக எடுத்து, புதிய சேவையில் தடைப்பட்டியலாக, அதாவது மடலே போகக்கூடாத முகவரிகளின் பட்டியலாக ஏற்றினேன். ஒருவரை அழிப்பது வேறு, அவர் விலகினார் என்று குறித்து வைப்பது வேறு. அழித்துவிட்டால் அடுத்த முறை பழைய கோப்பு ஒன்றை ஏற்றும்போது அவர் புதியவராகத் திரும்பி வந்துவிடுவார்.

திரும்பிய தபால்:

வாசிக்கும்போதே மனம் கனத்துவிட்டது. என் அனுபவம் திரும்பி வரும் மடல்களைப் பற்றியது. 550 5.1.1 என்ற குறியீட்டோடு திரும்பினால் அப்படி ஒரு பெட்டியே அங்கே இல்லை என்று பொருள். அந்த முகவரிக்கு அன்றோடு நிறுத்த வேண்டும். 4 என்று தொடங்கும் குறியீடு தற்காலிகத் தடங்கல், பொறுத்துப் பார்க்கலாம். நான் இரண்டையும் ஒன்றாகப் பாவித்து, எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் அனுப்பிக்கொண்டே இருந்தேன். கைவிடப்பட்ட முகவரிகள் சிலவற்றைச் சில நிறுவனங்கள் பிறகு ஸ்பேம் பொறியாக, அதாவது கேட்காமல் மடல் அனுப்புவோரைப் பிடிக்கும் கண்ணியாக வைத்துவிடுகின்றன. அதில் விழுந்த பிறகு, நம் மடலை விரும்பிக் கேட்டவர்களுக்குக்கூட அது ஸ்பேம் பெட்டிக்குப் போனது. மீள நான்கு மாதம் பிடித்தது.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு விதிகளை இறுக்கியிருப்பது தெரிந்திருக்கும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரம் மடலுக்கு மூன்று பேர் அலுத்துப்போய் ஸ்பேம் பொத்தானை அழுத்தினால் போதும், நாம் எல்லையில் நிற்கிறோம். ஒரே அழுத்தில் விலகும் வழி வேண்டும், அந்தக் கோரிக்கையை இரண்டு நாளுக்குள் நிறைவேற்றவும் வேண்டும். மடலின் அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் விலகல் இணைப்பை ஒளித்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. வழி கிடைக்காதவர் ஸ்பேம் பொத்தானைத்தானே தேடுவார்?

அகல்விளக்கு:

நான் எதிர்த்திசையில் தவறினேன். ஆறு மாதமாக மடலைத் திறக்காத எல்லோரையும் ஒரே நாளில் நீக்கினேன். ஒரு வாரம் கழித்து ஒருவர் கேட்டு எழுதினார்: ‘உங்கள் மடலை ஒன்றுவிடாமல் படிப்பவன் நான், ஏன் நிறுத்திவிட்டீர்கள்?’ அவர் படங்கள் இறங்காதபடி அமைத்து, எழுத்தை மட்டும் படிப்பவர். மடல் திறக்கப்பட்டதைச் சொல்வது உள்ளே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படம்தான். படம் இறங்கவில்லை என்றால் கணக்கில் அவர் திறக்கவே இல்லை. மறுபக்கம், 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, ஆள் பார்க்காவிட்டாலும் அந்தப் படத்தை முன்கூட்டியே இறக்கிவிடும். ஆக, படித்தவரை வெளியே அனுப்பிவிட்டு, எட்டிக்கூடப் பார்க்காதவர்களை உள்ளே வைத்திருந்தேன்.

இப்போது இணைப்பை அழுத்தினார்களா, பதில் எழுதினார்களா, வகுப்பில் சேர்ந்தார்களா என்று பார்க்கிறேன். ஓர் அசைவும் இல்லாதவர்களுக்கு ‘தொடர்ந்து அனுப்பலாமா?’ என்று நேராகக் கேட்டு ஒரு மடல் போகும். பதில் இல்லை என்றால் மட்டுமே நிறுத்துகிறேன்.

புதுவரவு:

எங்கள் சிக்கல் வாசலிலேயே இருந்தது. காகிதப் படிவத்தில் எழுதி வாங்கிய முகவரிகளைத் தட்டச்சு செய்யும்போது ஓர் எழுத்து மாறி, யாரோ முன்பின் தெரியாதவருக்கு மடல் போய்க்கொண்டிருந்தது. இப்போது உறுதிப்படுத்தும் மடலில் உள்ள இணைப்பை அழுத்தினால்தான் பட்டியலில் சேர்க்கிறோம். சேர்பவர்கள் எண்ணிக்கை குறைந்தது, எனக்கு அதில் வருத்தமில்லை. மடல்மேசை, பழைய கோப்பை ஏற்றும் தவறு மறுபடி நேராமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

மடல்மேசை:

எனக்கென்று தனியாக ஒரு முகவரி தொடங்கி, பட்டியலில் சேர்த்து, பிறகு விலகிவிட்டேன். அதன் பிறகு இறக்கிய எந்தக் கோப்பை யார் ஏற்றினாலும் அந்த முகவரி அதில் இருக்கும். ஆனால் தடைப்பட்டியல் வேலை செய்தால் அதற்கு மடல் வரக்கூடாது. ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் அனுப்புகிறோம், அந்தப் பகுதியில் இந்த முகவரியும் உண்டு. ஒரு மணி நேரம் காத்திருந்து அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் மீதி போகும். இதுவரை அது காலியாகவே இருக்கிறது.