காந்தம் பெரிதானால் பேஸ் இறங்குமா?

பதுளை_தம்பி: 12 அங்குல வூஃபரை (பேஸ் ஸ்பீக்கரை) 15 லீட்டர் பொக்ஸில் காற்றுப் போகாமல் அடைத்திருக்கிறேன். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ‘பூம்’தான். தப்பு (பறை) அடிக்கிற ரெக்கோர்டிங்கில் அடி கேட்கவில்லை, முழக்கம்தான் கேட்கிறது. பெரிய காந்தம் உள்ளதை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வூஃபரின் விவரத்தாளில் எஃப்எஸ் (கோன், அதாவது முன்னால் உள்ள கூம்பு, தானாக அதிரும் அலைவெண்) 28 ஹேர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்காமல் நீளும் என்ற எண்) 0.45, விஏஎஸ் (கோனின் தொங்கலுக்குச் சமமான விறைப்புள்ள காற்றின் அளவு) 80 லீட்டர் என்று இருக்கிறது.

மைக்செட்_மாமா: கடைக்காரர் சொன்னது சரி. தோட்டத்துத் திருவிழாவுக்கு எத்தனை வருஷமாக செட் கட்டுகிறேன்! கனத்த காந்தம்தான் நெஞ்சில் இடிக்கும்.

லயத்து_லீட்டர்: மாமா, இடிப்பது வேறு, இறங்குவது வேறு. காந்தம் கூடினால் கோனைப் பிடித்து நிறுத்தும் பலம் கூடும், க்யூடிஎஸ் குறையும். நடு பேஸ் சத்தமாகும்; அடி பேஸ் அதே அளவு ஏறாது.

தம்பியின் கோளாறு பொக்ஸில். 80ஐ 15ஆல் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 0.45ஆல் பெருக்குங்கள்: 1.13. இது பொக்ஸோடு சேர்ந்த க்யூ. சமமாக இறங்க 0.7 போதும். 1.13 என்றால் 90 ஹேர்ட்ஸ் வாக்கில் மேடு தட்டும், அதன் கீழே சரியும். அந்த மேடுதான் ‘பூம்’. 40 லீட்டரில் 0.78 ஆகிவிடும். இந்தக் கணக்கெல்லாம் தீல், ஸ்மோல் என்ற இருவர் 1960, 70களில் போட்டு வைத்தது.

மைக்செட்_மாமா: தாளில் எல்லாம் இனிக்கும். போன வருஷம் ஒருத்தன் கணக்குப் போட்டு ஓட்டை வைத்த பொக்ஸ் செய்தான். தேர் கிளம்பும் முன்பே கோன் கிழிந்தது!

லயத்து_லீட்டர்: அது கணக்கின் பிழையில்லை. ஓட்டையை 40 ஹேர்ட்ஸுக்கு டியூன் செய்தால், அதற்குக் கீழே பொக்ஸின் காற்று கோனைத் தாங்காது. பாதி அலைவெண்ணில் அதே சத்தம் வேண்டுமென்றால் கோன் 4 மடங்கு நகர வேண்டும். அடி பேஸை வெட்டும் ஃபில்டர் போடாமல் அம்ப்ளிஃபயரைத் திருகினால் கிழியாமல் என்ன செய்யும்? ஆனால் திறந்த மைதானத்துக்கு மாமாவின் காந்தம் சரிதான். அங்கே சுவர் உதவாது, சென்சிட்டிவிட்டிதான் (அதே மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதுதான்) சோறு போடும்.

நுவரெலியா_குளிர்: இங்கே 1,868 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய 5ல் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறைந்தால் காற்றின் விறைப்பும் குறையும், அதனால் தாளில் உள்ள 80 லீட்டர் இங்கே 64 போலத்தான். அதே 15 லீட்டரில் 1.03 வரும்.

லயத்து_லீட்டர்: அட, அதை நான் யோசிக்கவில்லை. பதுளை அவ்வளவு உயரமில்லை, தம்பிக்குப் பெரிய வித்தியாசம் வராது. தம்பி, காம்பரா (லயத்து அறை) எத்தனை அடி?

பதுளை_தம்பி: 10க்கு 12. 40 லீட்டர் பொக்ஸை எங்கே வைப்பது? அரிசி வாளிக்கே இடமில்லை.

லயத்து_லீட்டர்: 12 அடி நீளத்தில் 47 ஹேர்ட்ஸ் வாக்கில் அறையே முழங்கும். மூலையில் வைத்தால் அது இன்னும் கூடும்.

மைக்செட்_மாமா: உள்ளளவு 35, 35, 33 சென்டிமீட்டர் என்றால் கட்டிலுக்கடியில் போகும். தகரக் கூரை அதிரும், ஆணியை முதலில் இறுக்கு. ப்ளைவுட் துண்டு என்னிடம் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வா.