கால்வாய்க் கரையில் இலையுதிர் காலம்: யார் யார் எதைப் பார்த்தீர்கள்?

இலை கொட்டத் தொடங்கியதும் கால்வாய்ப் பக்கம் போவதை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கோடையில் புதருக்குள் மறைந்திருந்ததெல்லாம் இப்போதுதானே கண்ணில் படுகிறது! மதகுக்குப் பக்கத்தில் இன்று காலை மீன்கொத்தி பார்த்தேன். முதலில் விசில் மாதிரி கூர்மையாக ஒரு சத்தம், உடனே நீலமாக ஏதோ தண்ணீரை ஒட்டிப் பறந்து போய் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தது. கீழ் அலகு ஆரஞ்சு நிறம், அதனால் பெண் பறவை. ஆணுக்கு அலகு முழுக்கக் கறுப்பு. எடை சுமார் 40 கிராம்தான். இந்த ஆண்டுக் குஞ்சுகளைத் தாய் தந்தையே விரட்டிவிடுவதால், தனக்கென்று ஓர் இடம் தேடி அவை ஊருக்குள் ஓடும் கால்வாய்க்கும் வந்துவிடுகின்றன. குளிரில் தண்ணீர் உறைந்தால் மீன் கிடைக்காமல் நிறைய செத்துப்போகும், அதனால் நல்ல இடம் பிடிப்பது அவற்றுக்கு உயிர்ப் பிரச்சினை. சரி, நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

* * *

எனக்குக் கிடைத்தது முள்ளெலி. நட்ட நடு மதியத்தில் கரையோரப் புல்லில் தள்ளாடிக்கொண்டிருந்தது. இரவில் நடமாடும் பிராணி பகலில் வெட்டவெளியில் அப்படிக் கிடந்தால் பெரும்பாலும் அதற்கு உடம்பு சரியில்லை. தாமதமாகப் பிறந்த குட்டி போலிருக்கிறது, உள்ளங்கை அளவுதான். குளிர்கால உறக்கத்தைத் தாங்க 500 கிராமாவது எடை வேண்டும். தடித்த கையுறை போட்டு எடுத்து, உயரமான அட்டைப் பெட்டியில் துண்டு விரித்து, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, வனவிலங்கு மீட்பகத்துக்குப் போன் செய்தோம். இப்போது அங்கே நன்றாகச் சாப்பிடுகிறதாம், கேட்டதும் அவ்வளவு சந்தோஷம். பால் மட்டும் வைத்துவிடாதீர்கள், அதற்குச் செரிக்காது, வயிற்றோட்டம் வந்துவிடும். அப்புறம், தோட்டத்தில் சருகையும் கட்டையையும் குவித்துக் கொளுத்துகிறவர்கள் தயவுசெய்து தீ வைக்கும் அன்றைக்கே குவியலை வேறிடத்துக்கு மாற்றிப் போட்டுவிட்டுக் கொளுத்துங்கள். அதற்குள்தான் இவை தூங்க இடம் பிடிக்கும்.

* * *

பிரிட்டனில் இருப்பவர்கள் அக்டோபர் இரவில் வெளியே நின்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இருட்டில் தலைக்கு மேல் 'ஸீப்' என்று மெல்லிய, இழுத்த குரல் கேட்டால் அது ரெட்விங், ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும் கடல் தாண்டி வரும் பறவை. விடிந்ததும் போய்ப் பார்த்தால் கால்வாயோர ஹாதார்ன் புதரில் சிவப்புப் பழங்களை விழுங்கிக்கொண்டிருந்தது ஒரு கூட்டம்! கண்ணுக்கு மேல் வெளிர்க்கோடு, இறக்கைக்கு அடியில் செங்கல் சிவப்பு. அவ்வளவு தூரம் பறந்து வந்த பசிக்கு அந்தப் பழம்தான் சாப்பாடு, அது தீர்வதற்கு முன்னால் வேலிச் செடிகளை வெட்டித் தள்ளுவது எனக்குப் பொறுக்கவே மாட்டேன் என்கிறது.

* * *

பாலத்தடியில் வௌவால் பார்த்தீர்களா யாராவது? பொழுது சாய்ந்ததும் தண்ணீருக்குச் சற்று மேலே வட்டமடித்து, பெரிய பாதங்களால் பூச்சியை அப்படியே அள்ளும். டாபென்டன் வௌவால் என்று பெயர். குளிர்கால உறக்கத்துக்கு முன்னால் கொழுப்புச் சேர்க்கிற அவசரம் அதற்கு. இரவுகள் நன்றாகக் குளிர்ந்துவிட்டால் பூச்சியும் இருக்காது, இதுவும் வெளியே வராது, பார்க்க ஆசை இருந்தால் இந்த வாரமே போய்விடுங்கள். டார்ச் அடிக்க வேண்டாம், வெளிச்சம் பட்டால் அந்தப் பக்கமே வராமல் போய்விடும்.